கடைக்குக் காது எங்கே வைப்பது?

இரவில் கடையைப் பூட்டியபின் பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்க்காத வியாபாரி உண்டா? ஆனால் அந்தப் பூட்டுக்குள் அடங்காத ஒன்று இன்று நம் கடைகளில் குடியேறிவிட்டது. பில் போடும் கம்ப்யூட்டர், கார்டு மெஷின், கேமரா, குடோனில் இருப்பு எழுதும் பையனின் போன் இவையெல்லாம் தங்களுக்குள் பேசிக்கொள்ள உதவும் வைஃபை அலைதான் அது. சுவரையும் ஜன்னலையும் தாண்டி, தெருவுக்கும் பக்கத்துக் கடைக்கும் அது போய்க்கொண்டே இருக்கிறது. வெளியே நிற்கும் அந்நியன் அதில் கை வைத்தால் நமக்கு எப்படித் தெரியும்?

இதற்கென்றே சென்சார்கள் என்ற சிறு பெட்டிகள் வந்துள்ளன. இவை வைஃபை கொடுப்பதில்லை. சுற்றிலும் யார் பேசுகிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பதே இவற்றின் வேலை. பெட்டியை வாங்குவது பெரிய காரியமல்ல. அதை எங்கே மாட்டுவது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். பெரும்பாலான இடங்களில் கல்லாவுக்கு மேலே, பார்வைக்கு அழகாக, கூரையின் நடுவில் மாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். திருடன் அங்கே நிற்பதில்லையே!

இரண்டு கடைகளின் கதை

டிஜேஎக்ஸ் என்பது அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃப்ராமிங்ஹாம் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட பெரிய சில்லறை வியாபார நிறுவனம். டி.ஜே. மேக்ஸ், மார்ஷல்ஸ் என்ற பெயர்களில் துணிமணிகளும் வீட்டுச் சாமான்களும் குறைந்த விலைக்கு விற்கும் கடைகளை நடத்துகிறது. 2005 ஜூலையில் ஃப்ளோரிடாவின் மயாமி நகரில் இரண்டு மார்ஷல்ஸ் கடைகளின் வயர்லெஸ் இணைப்பு வழியாக ஒரு கும்பல் உள்ளே புகுந்தது. காரில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு கடைவீதிகளைச் சுற்றி, பூட்டு பலவீனமான வைஃபை எது என்று தேடுவது அவர்கள் வழக்கம். கிளைக் கடையில் நுழைந்தவர்கள் அங்கேயே நின்றுவிடவில்லை. அங்கிருந்து தலைமை அலுவலகக் கம்ப்யூட்டர் வரை போனார்கள்.

நிறுவனத்துக்கு இது தெரிந்தது 2006 டிசம்பரில்! சுமார் 17 மாதங்கள் அந்நியர்கள் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். நிறுவனமே ஒப்புக்கொண்ட கணக்கின்படி 4 கோடியே 57 லட்சம் கார்டுகளின் விவரம் பறிபோயிற்று. வங்கிகள் தொடுத்த வழக்கில் இன்னும் அதிகம் என்றார்கள். 2007-ஆம் ஆண்டின் ஒரே காலாண்டில் இதற்காக நிறுவனம் எழுதிக்கொண்ட நஷ்டம், வரி போக, 11 கோடியே 80 லட்சம் டாலர். கும்பலின் தலைவனுக்கு 2010 மார்ச்சில் 20 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

அந்தக் கடைகளில் வெப் என்ற பழைய பூட்டுமுறை இருந்தது. அது எளிதில் உடையும் என்று ஆராய்ச்சியாளர்கள் 2001-லேயே வெளியிட்டுவிட்டார்கள். ஆகவே முதல் குற்றம் பூட்டினுடையது, அதில் சந்தேகமில்லை. ஆனால் பூட்டு உடைந்த சத்தம்கூட யாருக்கும் கேட்காமல் போனது ஏன்?

இதற்கு முன்பே, 2003-ல், மிச்சிகன் மாநிலத்தின் சவுத்ஃபீல்டில் லோவ்ஸ் என்ற கட்டட சாமான் கடையிலும் இதே வேலை நடந்தது. அங்கேயும் கடை வைஃபை வழியாக வட கரோலினாவில் இருந்த தலைமை அலுவலகம் வரை கைநீட்டி, கார்டு எண்களைப் பிடிக்கும் புரோகிராம் ஒன்றைப் புகுத்தினார்கள். ஆனால் கம்பெனி விழித்துக்கொண்டு எஃப்.பி.ஐ.-க்குச் சொல்லிவிட்டது. அவர்கள் கடைக்குள் காவல் வைக்கவில்லை. கார்கள் நிற்கும் இடத்தில் வைத்தார்கள். அங்கே ஆன்டெனா செருகிய ஒரு வெள்ளைக் காரில் இரண்டு வாலிபர்கள் லேப்டாப்பும் கையுமாக உட்கார்ந்திருந்ததைக் கண்டார்கள். அந்தப் புரோகிராமில் சிக்கியிருந்தவை 6 கார்டு எண்கள் மட்டுமே. முக்கியக் குற்றவாளிக்கு 2004 டிசம்பரில் 9 ஆண்டு சிறை.

ஒரு பக்கம் 6 கார்டு. மறு பக்கம் 4 கோடியே 57 லட்சம். இரண்டு இடத்திலும் திருடன் நின்றது கடைக்கு வெளியே, கடையின் அலை எட்டும் எல்லைக்குள். சென்சாருக்கு இடம் தேடுவோர் முதலில் பார்க்க வேண்டியதும் அந்த எல்லையைத்தான்.

எல்லையில் வை, எதிரெதிராக வை

வைஃபை கொடுக்கும் பெட்டியை எங்கே வைக்கிறோம்? நம் ஆட்கள் வேலை செய்யும் இடத்துக்கு நடுவில். சென்சாருக்குக் கணக்கு வேறு. அது வெளிச்சுவரை ஒட்டி, தெரு முகப்பு, வண்டி நிறுத்துமிடம், சரக்கு இறங்கும் பின்வாசல், பக்கத்துக் கட்டடத்தோடு ஒட்டிய சுவர் ஆகிய பக்கங்களில் இருக்க வேண்டும்.

எத்தனை வேண்டும்? இணைப்பு கொடுக்கும் பெட்டி ஐந்துக்கு ஒரு சென்சார் என்பது தொழிலில் அதிகம் வழங்கும் கணக்கு. காரணம் இருக்கிறது. கார்டு மெஷினோ கம்ப்யூட்டரோ சிரமமின்றி வேலை செய்யச் சிக்னல் பலமாக வேண்டும். மைனஸ் 67 அளவாவது வேண்டும் என்பார்கள். இந்த எண்ணில் மைனஸுக்குப் பின் வருவது குறையக் குறையப் பலம் அதிகம். 3 கூடினால் பலம் பாதியாகிவிடும். வெறுமனே கேட்பதற்கோ மைனஸ் 85-ல் வரும் முணுமுணுப்பும் போதும். மேலும் ஒவ்வொரு வைஃபை பெட்டியும் நொடிக்குச் சுமார் 10 தடவை தன் பெயரைக் கூவுகிறது; அந்தக் கூவல் மெதுவான வேகத்தில் வருவதால் தூரத்திலும் புரியும். ஆகவே சென்சாருக்கு நீண்ட காது. ஆனால் அந்நியனின் கையில் இருப்பது சிறு போனாக இருந்தால் அதன் குரல் பெட்டியின் குரலைவிடச் சன்னமானது. ஐந்துக்கு ஒன்று என்பதைப் பத்துக்கு ஒன்று என்று இழுத்துச் சிக்கனம் செய்வது பயன்தராது.

ஆள் எங்கே இருக்கிறான் என்றும் தெரிய வேண்டுமானால் குறைந்தது மூன்று சென்சார்களுக்கு அவன் குரல் கேட்க வேண்டும். எந்தக் காதில் சத்தம் அதிகம், எதில் குறைவு என்று வைத்துத்தான் இடத்தைக் கணிக்கிறார்கள். இங்கே ஒரு நுட்பம் உண்டு. நம் கடைகள் பலவும் முகப்பு குறுகி, உள்ளே நீண்டு போகும் அமைப்பு. அதில் மூன்று சென்சார்களையும் நடுக்கோட்டில் வரிசையாக மாட்டினால், ஆள் இடது பக்கத்தில் இருக்கிறானா, வலது பக்கத்தில் இருக்கிறானா என்று கண்டுபிடிக்கவே முடியாது. கோட்டின் இரண்டு பக்கமும் தூரம் ஒன்றாகவே இருக்கும். முதல் சென்சார் இடது சுவரில், அடுத்தது வலது சுவரில், மூன்றாவது மறுபடி இடது சுவரில் என்று மாற்றி மாற்றி மாட்ட வேண்டும். மாடி இருந்தால் கீழே மாட்டிய இடத்துக்கு நேர் மேலே மாட்டாமல் சற்றுத் தள்ளி மாட்டுவது நல்லது. சாதாரண ஆன்டெனாவுக்குச் சுற்றிலும் நன்றாகக் கேட்கும்; தன் தலைக்கு நேர் மேலும் காலுக்கு நேர் கீழும்தான் மந்தம்.

வைஃபை பெட்டிக்கு அருகிலேயே சென்சாரை மாட்டுவதும் கூடாது. மேளக்காரர் பக்கத்தில் நின்றுகொண்டு கூட்டத்தில் யாரோ கிசுகிசுப்பதைக் கேட்க முடியுமா? சில மீட்டராவது தள்ளியிருக்கட்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் மைக்ரோவேவ் அடுப்பும் இரைச்சல் செய்யும். பேக்கரி, டீ பகுதி வைத்திருப்போர் கவனிக்க.

உருளைக்கிழங்கு சொன்ன பாடம்

மளிகைக்காரர்களுக்கு இந்த விஷயத்தில் ஒரு தனித் தொல்லை உண்டு. அது நம் சரக்கேதான்! போயிங் விமானக் கம்பெனி, பயணிகள் நிறைந்த விமானத்துக்குள் வைஃபை அலை எப்படிப் பரவுகிறது என்று பார்க்க விரும்பியது. நாள் கணக்கில் ஆட்களை அசையாமல் உட்கார வைக்க முடியுமா? பயணிகளுக்குப் பதிலாக இருக்கைகளில் உருளைக்கிழங்கு மூட்டைகளை வைத்தார்கள். 20,000 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 9 டன் கிழங்கு. 2012-ல் கம்பெனியே இதை வெளியிட்டது. நீர்ச்சத்து மிகுந்த கிழங்கு, மனித உடம்பைப் போலவே அலையை வாங்கிக்கொள்கிறது என்பதுதான் காரணம்.

ஆகவே காய்கறி மூட்டை, தண்ணீர் கேன், எண்ணெய் டின், ஃப்ரீசர், இரும்பு ரேக் எல்லாம் சென்சாரின் காதை அடைப்பவையே. நீர் அலையை உறிஞ்சிவிடும்; தகரமும் இரும்பும் அதைத் திருப்பியடிக்கும். குடோன் காலியாக இருக்கும் நாளில் ஆளைக் கூட்டிவந்து அளந்து மாட்டினால், சரக்கு இறங்கி மூட்டை கூரை வரை ஏறியதும் அந்த அளவு பொய்யாகிவிடும். சரக்கு நிறைந்திருக்கும்போது அளப்பதுதான் முறை. அதுபோல ஷட்டர் திறந்திருக்கையில் ஒரு அளவு, மூடியபின் ஒரு அளவு என்று இரண்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். முகப்புப் பக்கத்துச் சென்சார் ஷட்டருக்கு உள்பக்கம் மட்டும் இருந்தால், இரவில், தேவைப்படும் நேரத்தில்தான் அதற்குத் தெருச் சத்தம் குறைவாகக் கேட்கும். பக்கச் சுவரின் ஜன்னலருகே இன்னொன்று இருந்தால் இந்தக் குறை நீங்கும்.

சென்சார் தான் கேட்டதைச் சொல்வதற்குக் கம்பி வழியைக் கொடுங்கள். எந்த வைஃபையைக் கண்காணிக்கிறதோ அதன் வழியாகவே சேதி அனுப்பினால், இணைப்பைச் செயலிழக்கச் செய்கிறவன் காவலையும் சேர்த்தே ஊமையாக்கிவிடுவான். கரண்ட் போனாலும் ஓட இன்வெர்டர் லைனில் இருக்கட்டும்.

சென்சாருக்குக் கேட்காதது

விற்பவர்கள் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வாயே திறக்காமல் ஒட்டுக்கேட்பவனை எந்தச் சென்சாராலும் கண்டுபிடிக்க முடியாது. அவன் ஏதாவது அலையை அனுப்பினால்தான் கேட்கும். ஆனால் உள்ளே நுழைய விரும்புகிறவன் ஒரு கட்டத்தில் பேசியே ஆகவேண்டும். நம் பெட்டியோடு இணைந்தே ஆகவேண்டும். அப்போது பிடிபடுவான். அதுவரை காப்பது பூட்டுதான். டபிள்யூ.பி.ஏ. 2 அல்லது 3 என்ற முறையும், நீளமான பாஸ்வேர்டும் இல்லாத கடைக்கு சென்சார் வாங்குவது, கதவில்லாத வீட்டுக்கு நாய் வாங்குவது போல.

வெளி ஆள் மட்டுமல்ல, உள் ஆளின் அசட்டுத்தனமும் உண்டு. மாடியில் சிக்னல் இல்லையென்று கடைப் பையன் மலிவான ரூட்டர் ஒன்றை வாங்கி, நம் கம்பியிலேயே செருகிவிடுவான், பாஸ்வேர்டு இராது. கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் வாசல் திறந்துவிட்டது. கார்டு கம்பெனிகளின் பாதுகாப்பு விதி, இப்படி அனுமதியில்லாத பெட்டி இருக்கிறதா என்று குறைந்தது மூன்று மாதத்துக்கு ஒரு முறை தேடச் சொல்வது இதனால்தான். நமக்கு வைஃபையே இல்லை என்று சொல்லும் கடைக்கும் அந்தத் தேடல் உண்டு.

சில சென்சார்கள் கேட்பதோடு நில்லாமல், அந்நிய இணைப்பைத் துண்டிக்கவும் செய்யும். இதைத் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து. கடைவீதியில் நம் சென்சாருக்குப் பக்கத்துக் கடை, எதிர் மெடிக்கல், மாடி டியூஷன் எல்லாருடைய வைஃபையும் கேட்கும். அவர்களுடையதை அறுத்துவிட்டால் என்னவாகும்? அமெரிக்காவில் நாஷ்வில் நகரில் மாரியட் நடத்திய ஒரு பெரிய ஓட்டலில், மாநாட்டுக்கு வந்தவர்கள் சொந்தமாக வைத்திருந்த இணைப்புகளை இதுபோன்ற கண்காணிப்புச் சாதனத்தால் துண்டித்தார்கள். 2014 அக்டோபரில் அந்த நாட்டுத் தகவல் தொடர்பு ஆணையம் இதற்காகத் தண்டிய தொகை 6 லட்சம் டாலர்!

ஒரே அறைக் கடைக்கு

பல மாடிக் கடை, குடோன், கிளைகள் என்று வைத்திருப்போருக்குத்தான் தனிச் சென்சார். பத்துக்கு இருபது அடிக் கடைக்காரர் அதற்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. ஒரு பழைய ஆண்ட்ராய்டு போனில் வைஃபை அலையை அளக்கும் இலவசச் செயலி ஒன்றைப் போட்டுக்கொண்டு, நம் வைஃபை எதுவரை எட்டுகிறது என்று நடந்து பாருங்கள். கல்லா, பின்கட்டு, வாசல், எதிர் டீக்கடை பெஞ்சு, சந்து முனை. ஒவ்வோரிடத்திலும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். டீக்கடையில் மைனஸ் 60 காட்டினால், அங்கே உட்காருகிறவர் நம் கடைக்குள் இருப்பது போலத்தான். ரூட்டரைத் தெரு ஜன்னலிலிருந்து உள்சுவருக்கு மாற்றுங்கள்; அலையின் பலத்தைக் குறைக்கும் வசதி இருந்தால் குறையுங்கள்.

அப்படியே, அந்தப் பட்டியலில் தெரியும் அக்கம்பக்கத்துப் பெயர்களையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். அடுத்த முறை புதிதாக ஒரு பெயர் வந்து, கல்லாவருகே மைனஸ் 35 என்று உரக்கக் கேட்டால் அது நம் கடைக்குள்ளேயே இருக்கிறது என்று அர்த்தம். நம் வைஃபையின் பெயரே இரண்டு தடவை தெரிந்தாலும் விசாரிக்க வேண்டியதுதான். ஆனால் சில ரூட்டர்கள் இரண்டு அலைவரிசையிலும் ஒரே பெயரைக் கூவும். முதலில் அதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ரூட்டரின் உள்ளே, இப்போது யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்ற பட்டியல் இருக்கும். பில் கம்ப்யூட்டர், கார்டு மெஷின், கேமரா, மூன்று போன் என்றால் ஆறு. ஏழாவது யார்? புதிய போன்கள் வைஃபைக்குத் தங்கள் அடையாள எண்ணை மாற்றிக் காட்டும் வழக்கம் வந்துவிட்டதால், நம் பையனின் போனே புது ஆள் போலத் தெரியலாம். பதறாமல் ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். வாடிக்கையாளர் கேட்கிறார் என்று கடைப் பாஸ்வேர்டைச் சுவரில் ஒட்டியிருப்பவர்கள், விருந்தினருக்கென்று தனிப் பெயரில் இணைப்பு ஏற்படுத்தி, பில் கம்ப்யூட்டர் இருக்கும் வழியிலிருந்து அதைப் பிரித்துவிடுங்கள்.

தீபாவளிச் சரக்கு இறங்கியபின் ஒரு முறை, பொங்கல் முடிந்து குடோன் காலியானபின் ஒரு முறை, இடையில் இரண்டு முறை என்று நோட்டும் கையுமாக நடந்தால் போதும். ஷட்டரை மூடிவிட்டு வெளியே நின்று அளப்பதை மட்டும் மறக்க வேண்டாம். அந்தப் பக்கத்துக்குத் தேதியோடு நேரத்தையும் எழுதுங்கள்.