பதிமூன்றும் பத்தும்

வரிக்கு ஓர் ஊராகப் பெயர்கள் அடுக்கிய கோப்பு ஒன்றை, பிஎச்பி மொழியில் எழுதிய சின்ன நிரலிடம் கொடுத்தேன். 'மதுரை' எங்கே என்று கேட்டால், இல்லை என்றது. திரையிலோ மதுரை பளிச்சென்று தெரிகிறது. சந்தேகப்பட்டு அந்த வரியின் நீளத்தை அளந்தேன்: 16 பைட். மதுரைக்கு ஐந்து குறியீடுகள். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். 15தான் வர வேண்டும். வாலில் ஒட்டியிருந்த அந்த ஒற்றை பைட்டின் மதிப்பு 13.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்குப் போனவர்களுக்கு இது சட்டென்று புரியும். வரி முடிந்ததும் இடப்பக்கக் கைப்பிடியைத் தள்ளுவோம். ஒரே தள்ளலில் தாள் ஒரு வரி மேலேறும், கேரேஜும் வரியின் தொடக்கத்துக்குத் திரும்பும். 1960களில் வந்த டெலிடைப் 33 போன்ற தொலை அச்சு இயந்திரங்களில் இந்த இரண்டு வேலைக்கும் தனித்தனி எண் இருந்தது. கேரேஜ் திரும்ப 13, தாள் நகர 10. அந்த இயந்திரம் நொடிக்கு 10 எழுத்து அடிக்கும். அச்சுமுனை வலக்கோடியிலிருந்து இடக்கோடிக்குத் திரும்ப ஓர் எழுத்துக்குரிய நேரம் போதாது. அதனால் 13 முன்னால் போகும். முனை திரும்பிக்கொண்டிருக்கும்போதே 10 வந்து தாளை நகர்த்தும்.

இயந்திரம் போய்விட்டது, எண்கள் தங்கிவிட்டன. மல்டிக்ஸ் என்ற இயங்குதளம், வரி முடிவுக்கு 10 மட்டும் போதும் என்றது. யூனிக்ஸும் பிறகு லினக்ஸும் அதே வழியில் போயின. டாஸும் விண்டோஸும் இரண்டையும் வைத்துக்கொண்டன. அப்படிப்பட்ட கோப்பை 10ஐ மட்டும் வைத்து வரி பிரித்ததால்தான் என் மதுரையின் வாலில் 13 ஒட்டியிருந்தது. பழைய மேக், 2001இல் ஓஎஸ் எக்ஸ் வரும்வரை 13ஐ மட்டும் பிடித்துக்கொண்டது. விண்டோஸின் நோட்பேட், 10 மட்டும் உள்ள கோப்பை ஒழுங்காக வரி பிரித்துக் காட்டத் தொடங்கியதே 2018இல்தான்!

இணையப் படிவம் எழுதுபவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இன்னொன்று. பெரிய எழுத்துப் பெட்டியில் லினக்ஸிலிருந்து தட்டினாலும் கைபேசியிலிருந்து தட்டினாலும், பிரவுசர் வரி முடிவை 13, 10 என்ற ஜோடியாகவே சர்வருக்கு அனுப்பும். பத்து வரிக் கடிதத்தில் ஒன்பது வரி முறிவுகள். பிரவுசரில் 200 எழுத்து என்று எண்ணியது சர்வரில் 209 ஆகும். எல்லைக்குள் எழுதியும் 'நீளம் அதிகம்' என்ற செய்தி வருவதற்கு இது ஒரு காரணம்.

பிஎச்பியில் வரி முடிவுகளை எல்லாம் 10 ஆக மாற்றுவதற்கு ஸ்ட்ரிங் ரீப்ளேஸ் என்ற ஒரு செயற்கூறு போதும். ஆனால் வரிசை முக்கியம். முதலில் 13-10 ஜோடியை 10 ஆக்க வேண்டும். அதன் பிறகே தனியாக நிற்கும் 13ஐ 10 ஆக்க வேண்டும். தலைகீழாகச் செய்தால் ஒவ்வொரு ஜோடியும் இரண்டு 10 ஆகி, வரிக்கு வரி வெற்று வரி முளைக்கும். 13ஐயும் 10ஐயும் குறிக்க, பின்சாய்கோட்டோடு ஓர் ஆங்கில எழுத்தைச் சேர்த்து இரட்டை மேற்கோளுக்குள் எழுத வேண்டும்; ஒற்றை மேற்கோளுக்குள் எழுதினால் அவை வெறும் இரண்டு எழுத்துகளாகவே நிற்கும். வலைப்பக்கத்தில் வரிமுறிவு காட்ட 'என்எல் டு பிஆர்' என்று ஒன்று உண்டு. அது காட்சிக்கு மட்டும்தான். 13ஐ அது நீக்காது.

இப்படி மாற்றினால் தமிழ் உடைந்துவிடுமா? உடையாது. யுடிஎஃப்-8இல் தமிழ்க் குறியீடுகளின் பைட்டுகள் எல்லாம் 128 அல்லது அதற்கு மேல். 10ம் 13ம் அவற்றுக்குள் வரவே வராது. யுடிஎஃப்-16 கோப்பு என்றால் கதை வேறு. அதில் மலையாள எழுத்து ஒவ்வொன்றின் ஒரு பாதி பைட்டே 13தான். பைட் பைட்டாக மாற்றினால் மொத்த மலையாளமும் சிதைந்துவிடும். அத்தகைய கோப்பை முதலில் யுடிஎஃப்-8க்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

எழுத்து உள்ளே வரும் வாசலிலேயே வரி முடிவை 10 ஆக்கிச் சேமியுங்கள். மின்னஞ்சல் நெறிமுறை ஜோடியைத்தான் கேட்கும். அனுப்பும்போது திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம். மாற்றிய பின் ஒரு வரியையாவது அளந்து பாருங்கள். மதுரை 15 பைட்.