தொடர்கதையும் வரலாறும்

'கல்கி' என்னும் புனைபெயர் பூண்ட ரா. கிருஷ்ணமூர்த்தி, 'பொன்னியின் செல்வன்' என்னும் பெருங்கதையை 1950 முதல் 1954 வரை தம் வார இதழில் எழுதினார். ஒவ்வொரு வாரமும் கதை ஆவலைத் தூண்டும் இடத்தில் நின்றது. அடுத்த இதழை எதிர்நோக்கி மக்கள் காத்திருந்தனர். பலர் அப்பக்கங்களைத் தனியே எடுத்துத் தொகுத்து, நூலாகக் கட்டுவித்துப் போற்றினர்.

இவ்வார்வத்திற்குக் காரணம் யாது? திண்டுக்கல்லிலிருந்து பழனி செல்லும் சாலையில் ரெட்டியார்சத்திரம் என்னும் ஊர் உள்ளது. மழையை எதிர்நோக்கி வாழும் அவ்வட்டாரத்தில் இக்கதையைப் படிக்கும் மாணவன், ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரைமீது குதிரையூர்ந்து வரும் வந்தியத்தேவனுடன் தானும் செல்கிறான். கடல்போல் நிறைந்த நீரைக் காண்கிறான். காணாத நாடும் கழிந்த காலமும் அவன் கண்முன் தோன்றுகின்றன.

ஆயினும், கதை வேறு, வரலாறு வேறு. இராசராசனும் குந்தவையும் வந்தியத்தேவனும் கல்வெட்டுகளில் இடம்பெற்றவர்கள். நந்தினியும் பூங்குழலியும் ஆசிரியரின் கற்பனையில் பிறந்தவர்கள். இளவரசன் ஆதித்த கரிகாலன் கொல்லப்பட்டது உண்மை. கொன்றோர் பெயர்களை உடையார்குடிக் கோயிற் கல்வெட்டு கூறுகின்றது. கொலைக்குரிய காரணத்தை அது கூறவில்லை. அக்குறையைக் கதையாசிரியர் கற்பனையால் நிரப்பினார்.

பழுவேட்டரையர் சோழர்க்குத் துணைநின்ற குறுநில மன்னர் மரபினர். கதையில் அவர்கள் சூழ்ச்சி செய்வோராக வருகின்றனர் என்பதற்காக, வரலாற்றிலும் அவர்கள்மீது பழி சுமத்தலாமோ? சான்றின்றி எவரையும் பழித்தல் அறமன்று. ஆதலின், கதையை விரும்பிப் படிப்போம். படித்தபின், 'இதற்குச் சான்று யாது?' என வினவுவோம்.