வார்த்தையே இல்லாத இசைக்கு மெய் சிலிர்ப்பது ஏன்?

பாடகர் இல்லை, பாடல் வரி இல்லை. ஆனாலும் திருவனந்தபுரத்து பாலபாஸ்கரின் வயலினைக் கேட்டால் கண் கலங்குகிறதே, எப்படி? பெரும்பாலும் வரிகளின்றிக் கருவிகளையே வாசிக்கும், ஸ்காட்லாந்தின் மோக்வாய் போன்ற போஸ்ட்-ராக் குழுக்களிடமும் இதே கதைதான்.

திருவனந்தபுரத்தின் ஆற்றுகால் கோயில் பொங்காலைத் திருவிழாவில் பெண்கள் பொங்கலிடும் அடுப்புகளைப் பார்த்திருக்கிறீர்களா? பானை பொங்கும் என்று தெரியும். எந்த நொடியில் என்பதுதான் தெரியாது. கண்ணை எடுக்க முடியுமா?

இந்த இசையும் அப்படித்தான். ஒரு சிறு மெட்டு மெல்லத் தொடங்கும். அதுவே திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கருவி சேரும், சத்தம் ஏறும். உங்கள் மூளை அடுத்ததை ஊகித்துக்கொண்டே இருக்க, கலைஞர் வேண்டுமென்றே தாமதிப்பார். (இந்தக் கொடுமைக்குத்தான் டிக்கெட் வாங்குகிறோம்!)

கனடாவின் மாண்ட்ரியல் ஆய்வாளர்கள் வரிகளற்ற இசையை ஒலிக்கவிட்டு, கேட்பவர்களின் மூளையைப் படம்பிடித்தார்கள். 2011-ல் வெளியான முடிவு: சிலிர்க்கும் கணத்தில் மட்டுமல்ல, அதற்குக் காத்திருக்கும்போதும், மூளையின் வேறொரு பகுதியில், இன்ப உணர்வோடு தொடர்புடைய டோபமைன் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது.

வரி இருந்தால் அது காதலா பிரிவா என்று பாட்டே சொல்லிவிடும். இங்கே அந்த இடத்தை உங்கள் சொந்த நினைவு நிரப்புகிறது.

பாலபாஸ்கர் 2018-ல், 40 வயதில், சாலை விபத்தில் காயமுற்று மறைந்தார். அவருடைய பதிவுகளைக் கேட்கும்போது நேரே உச்சக்கட்டத்துக்குத் தாவாதீர்கள், தொடக்கத்திலிருந்தே கேளுங்கள்.