வயிறு மேலேயா, கீழேயா?

மலாயில் 'பெலாஜார்' என்று இரண்டு சொற்கள் உண்டு. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். ரூமியில், அதாவது மலாயை எழுதும் ரோமன் எழுத்தில், முதல் எழுத்தின் வயிறு கோட்டின் கீழ்ப்பாதியில் இருந்தால் 'படித்தல்', மேல்பாதியில் இருந்தால் 'மாணவர்'. பத்துமலைப் பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்து அரசு இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு இனி வரலாறு முதற்கொண்டு இந்த எழுத்தில்தான். மலாய் போதாதவர்களுக்கு ஓராண்டு 'பெரலிஹான்' இருக்கிறது, நம் பேச்சில் ரிமூவ் கிளாஸ். அதையும் தாண்டித் தடுமாறுபவர்கள் உண்டு. 2010-இல் வந்த லினுஸ் திட்டம் எழுத்தறிவைச் சோதித்ததோ முதல் மூன்று ஆண்டுப் பிள்ளைகளிடம்.

பதின்மூன்று வயதுப் பையனை 'வாசிக்க வராது' என்ற ஒற்றைப் பேச்சில் முடித்துவிடுகிறோம். 1986-இல் கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் இதை ஒரு கணக்காகப் போட்டார்கள்: வாசித்துப் புரிதல் என்பது எழுத்தை ஒலியாக்கும் திறனையும் மொழியறிவையும் பெருக்கி வரும் விடை. கூட்டல் அல்ல என்பதுதான் விசேஷம். ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். ரூமி பெரும்பாலும் எழுதியபடியே ஒலிக்கும். அதனால் மலாய் அரைகுறையாகத் தெரிந்த பிள்ளைகூடப் பாடநூலைக் கடகடவென்று ஒப்பித்துவிடும். கேள்வி கேட்டால்தான் குட்டு உடையும். பக்கத்து மேசைக்காரனோ திடலில் மலாயிலேயே சண்டை போடுபவன், எழுத்தைக் கண்டால்தான் திணறுகிறான். மதிப்பெண் இருவருக்கும் ஒன்றே. பிரித்தறிய வழி சுலபம்: அதே பத்தியை நாம் வாசித்துக் காட்டுவது. காதால் கேட்டதும் புரிந்துகொண்டால் கோளாறு எழுத்தில்தான்.

எழுத்துக் கோளாறு வயது ஏறினால் தீராது என்பது வீண் பயம். சட்டியை எப்படித் திருப்பினாலும் சட்டிதான் என்று பழகிய கண், எழுத்தில் மட்டும் அந்தப் பழக்கத்தை விட வேண்டியிருக்கிறது. அதைப் பழகும் இடம் இடது மூளையின் பின்புற அடிப்பகுதி. ஸ்டானிஸ்லாஸ் டெஹேன் குழு 2010-இல் பிரேசில், போர்ச்சுகல் மக்களின் மூளையை ஸ்கேன் செய்தது. வளர்ந்த பிறகே எழுத்துக் கற்ற 22 பேர் அதில் இருந்தார்கள். அவர்கள் மூளையிலும் அந்த இடம் எழுத்துக்கு விழித்துக்கொண்டிருந்தது.

ஆனால் பதின்மூன்று வயதுக்காரன் கையில் முதலாம் ஆண்டுப் புத்தகத்தைக் கொடுப்பது அவமானம். பந்தாட்டச் செய்தியைக் கொடுங்கள், நீளம் குறைவாக. அவனை உண்மையில் மிரட்டுவது நீண்ட சொற்கள். 'மெனுலிஸ்' (எழுதுதல்) என்பதை காமுஸ் டேவான் அகராதியில் 'ம' வரிசையில் தேடினால் கிடைக்காது. வேர்ச்சொல் 'துலிஸ்', முன்னொட்டு சேர்ந்ததும் 'து' கரைந்து 'னு' ஆகிவிட்டது. பிரித்துக் காட்டினால் பிடித்துக்கொள்வான். மரமும் 'கள்'ளும் சேர்ந்தால் 'ம்' போய் 'ங்' வரும் என்பதைத் தமிழ்ப்பள்ளியில் எழுதிப் பார்த்த பையன்தானே.