மோதாத இரு நிலவுகள்

மாமல்லபுரக் கடலோரத்தில் இரவில் நோக்குவோர்க்குச் சனிக்கோள் இமைக்காத ஒளிப்புள்ளியாகத் தோன்றும். (சனி என்றதும் அஞ்சுவோர் நம் பங்குகளிலும் உளர்!) வளையங்கள் சூழ்ந்த அக்கோளை ஜேனஸ், எபிமெதியஸ் என்னும் இரு சிறு நிலவுகள் ஏறக்குறைய ஒரே பாதையில் சுற்றுகின்றன. இதைக் கேட்ட மீனவச் சிறுவன் ஒருவன், "ஒரே தடத்தில் இரண்டு படகு போனால் இடிக்காதா, சாமி?" என்றான்.

நல்ல கேள்வி. பாதைகளின் இடைவெளி 50 கிலோமீட்டரே. நிலவுகளின் குறுக்களவோ 100 கிலோமீட்டருக்கும் மேல். உட்பாதையில் விரையும் நிலவு மற்றதை நெருங்குகையில், ஒன்றையொன்று ஈர்ப்பதால் அது வெளிப்பாதைக்கு ஏறித் தாமதிக்கிறது. மற்றது உட்பாதைக்கு இறங்கி விரைந்தகல்கிறது. நான்கு ஆண்டுகளுக்கொருமுறை இவ்விடமாற்றம்.

1966-இல் இவற்றைக் கண்ட வானநூலார் இரண்டையும் ஒன்றெனக் கொண்டு, கணக்குப் பொருந்தாமல் திகைத்தனர். இரண்டென்பது 1978-இல் விளங்கிற்று. 1980-இல் வாயேஜர் விண்கலம் அதனை உறுதிப்படுத்தியது.