ஒளிக்காகக் காத்திருக்கும் குளோரின்

மீத்தேனையும் குளோரினையும் கலந்து இருட்டில், அறை வெப்பத்தில் வைத்திருந்தால் ஒன்றும் ஆகாது. வெயிலில் காட்டினால் கதையே வேறு. சில விகிதங்களில் வெடிக்கவும் செய்யும்.

குளோரின் அணுக்கள் இரண்டிரண்டாகப் பிணைந்திருப்பவை. அந்தப் பிணைப்பை உடைக்க மோலுக்குச் சுமார் 243 கிலோஜூல் போதும். நீல ஒளிக்கே அந்தத் திராணி உண்டு. பிரிந்த அணு சும்மா இராது. எதிர்ப்படும் மீத்தேனிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பறித்துக்கொண்டு ஹைட்ரஜன் குளோரைடாகிவிடும். பறிகொடுத்த மீத்தேனில் மிஞ்சும் மெத்தில் இன்னொரு குளோரின் மூலக்கூறில் கைவைத்து, மெத்தில் குளோரைடாகும். அங்கே தனித்துவிடப்பட்ட குளோரின் அணு அடுத்த மீத்தேனைத் தேடிப் போகும். இதுதான் சங்கிலி வினை. ஒரு ஃபோட்டான் ஆயிரக்கணக்கான சுற்றுகளைத் தொடங்கிவைக்கக்கூடும்.

மெத்தில் நொடிப்பொழுதுகூடத் தங்காது, ஆனால் தடயம் விட்டுப்போகும். வினை முடிந்த கலவையில் கொஞ்சம் ஈத்தேன் கிடைக்கிறது. ஒற்றைக் கார்பன் மீத்தேனிலிருந்து இரட்டைக் கார்பன் ஈத்தேன் எப்படி வந்தது? இரண்டு மெத்தில்கள் மோதி ஒட்டிக்கொண்டதால்தான். எனக்கு இந்த வினையில் மிகப் பிடித்த இடம் இது.

எல்லா ஹாலஜன்களும் இப்படி நடந்துகொள்வதில்லை. மீத்தேனிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிரிக்க 439 கிலோஜூல் செலவு. ஃபுளோரின் அணு அதே ஹைட்ரஜனோடு சேரும்போது சுமார் 570 திரும்பி வரும். அதனால் அதை அடக்குவதே பெரும்பாடு. அயோடினுக்கு வரவு 298தான், ஆகவே வினையே நடக்காது. குளோரினுக்கு 431, வரவும் செலவும் கிட்டத்தட்டச் சரி. ஆலைகளில் மெத்தில் குளோரைடும் குளோரோஃபார்மும் இந்த வழியில் தயாராகின்றன. ஒரு ஹைட்ரஜனோடு குளோரின் நிற்காது என்பதால் கலவையாகத்தான் வரும், பிறகு பிரித்தெடுக்க வேண்டும்.

இதே வினை நம் தலைக்கு மேலேயும் நடக்கிறது. குளோரோஃபுளோரோகார்பன்கள் அடுக்கு மண்டலத்தில் சிதைந்து குளோரின் அணுக்களை விடுவிக்கும், அவை ஓசோனை அழிக்கும் என்று 1974இல் வேதியியலாளர்கள் மொலினாவும் ரோலண்டும் எச்சரித்தார்கள். அந்த அணுக்களில் பலவற்றை மீத்தேன் மடக்கி, ஓசோனைத் தொடாத ஹைட்ரஜன் குளோரைடாக்கி வைக்கிறது. ஆனால் அண்டார்டிகாவில் குளிர்கால மேகத் துகள்களின் மேல் இந்தச் சிறை உடைந்து, குளோரின் மறுபடி வெளியேறுகிறது. வசந்தத்தில் சூரியன் திரும்பியதும் அது அணுக்களாகப் பிரியும். ஓசோன் துளை ஆண்டுதோறும் செப்டம்பர், அக்டோபரில் பெரிதாவது அதனால்தான்.