கற்பூரச் சத்தியமும் கவுன்சிலிங்கும்

புதுச்சேரியை ஒட்டிய குயிலாப்பாளையத்தைச் சுற்றி முந்திரித் தோப்புகள் அடர்ந்திருந்த நாட்களில் குடி பெரும்பாலும் வளர்ந்த ஆண்களின் சமாச்சாரம். பையன் ஒருவன் குடித்துவிட்டு வந்தால் 'சேர்க்கை சரியில்லை' என்பார்கள். குலதெய்வத்தின் முன் கற்பூரம் அடித்துச் சத்தியம் வாங்கி, கையில் கயிறு கட்டுவார்கள். வைத்தியம் அத்தோடு முடிந்தது.

சாராயம் இன்றும் ஒழியவில்லை. 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் பத்துப் பேருக்கு மேல் பலி வாங்கியது. பையன்களுக்கோ ஹான்ஸ், கூல் லிப் போன்ற புகையிலை, கஞ்சா, வலி மாத்திரை என்று வகைகள் கூடிவிட்டன. மது வாங்கத் தமிழ்நாட்டில் 21 வயதாக வேண்டும். பக்கத்திலேயே புதுச்சேரி எல்லைக்குள் 18 போதும். மூளை இந்த எல்லைக்கோட்டை அறியாது. 'வேண்டாம்' என்று தடுக்கும் அதன் முன்பகுதி முதிர ஏறக்குறைய 25 வயதாகிறது. ஆசையைக் கிளப்பும் உட்பகுதி அதற்கு வெகு முன்பே விழித்துக்கொள்கிறது. போதை மீண்டும் மீண்டும் டோபமைன் என்ற மூளை ரசாயனத்தைப் பொங்க வைக்க, அதை வாங்கும் ஏற்பிகள் குறைகின்றன. பிறகு கிரிக்கெட்டும் பிரியாணியும்கூடச் சப்பென்று ஆகிவிடுகின்றன.

பழைய சத்தியத்தைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. சத்தியத்தோடு விரத மாலையும் போட்டால் அந்த 48 நாளும் மூளைக்கு ஓய்வு கிடைத்தது. தெருவே பையனைக் கவனித்தது. மீறினால்தான் வம்பு. சாமி குத்தம் என்றார்கள்; அவன் ஒளிந்து குடித்தான். மீண்டும் சறுக்குவது நோயின் இயல்பு என்று இன்றைய மருத்துவர் சொல்லும்போது அந்தக் குற்ற உணர்ச்சி பாதி இறங்கிவிடுகிறது. பெரிய லாபம் அது.

கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் போதை மீட்புச் சிகிச்சைக்கென்றே ஓர் அமைப்பைத் தொடங்கியது அன்று அபூர்வம். 2025இல் தமிழக அரசே 25 'கலங்கரை' மையங்களைத் திறந்தது. வலி மாத்திரைப் பழக்கம் முற்றியவர்களுக்கு மருந்து தேவைப்படலாம். மற்றபடி பதின்ம வயதில் பேச்சுதான் முதல் சிகிச்சை. விடும் எண்ணத்தைப் பையன் வாயிலிருந்தே வரவழைப்பது, எந்த நேரத்தில் யாரோடு இருக்கும்போது கை தேடுகிறது என்று கண்டுபிடிப்பது, பெற்றோரையும் உட்கார வைத்துப் பேசுவது.

இழப்பும் உண்டு. 'உங்கப்பாகிட்ட சொல்லிடுவேன்' என்று விரட்டிய பெட்டிக்கடைக்காரர் இன்று அதட்டத் தயங்குகிறார். சரக்கோ ஒரு போன் அழைப்பில் பைக்கில் வந்துவிடுகிறது. நல்லவேளை, உதவிக்கும் போன் உண்டு: 14446. ஆனால் கவுன்சிலிங் ஒரே நாளில் முடிவதில்லை. மகனோடு புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்குப் பஸ் ஏறும் ஒவ்வொரு முறையும் கூலி வேலைக்குப் போகும் அம்மாவுக்கு ஒரு நாள் சம்பளம் போகிறது. மூன்றாவது முறை வராதவர்களில் பலருக்குக் காரணம் அதுவாகத்தான் இருக்கும்.